பல் ஒயிட்டனிங்: பணம் கட்டும் முன்பும் அதற்குப் பிறகும்

கல்யாண சீசனில் பல் கிளினிக்குகளில் ஒரு தனிக் கூட்டம் சேரும். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சிலர் ரிசப்ஷனுக்கு முந்தின நாளே கூட, ‘டாக்டர், போட்டோவில் பல் பளிச்சென்று தெரியணும்’ என்று வந்து நிற்பார்கள். அவ்வளவு நெருக்கத்தில் போனால் பாதி வேலைதான் நடக்கும், அதோடு பல் கூச்சமும் சேர்ந்து மணமேடைக்கு வரும். ஒயிட்டனிங் செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால் தேதிக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னாலேயே டாக்டரைப் பாருங்கள்.

எவ்வளவு ஆகும் என்று விசாரிப்பதற்கு முன்னால் உங்கள் பல் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லா மஞ்சளும் ஒரே மஞ்சள் இல்லை, எல்லாமே ப்ளீச்சுக்கு, அதாவது ஒயிட்டனிங் மருந்துக்கு, அடங்குவதும் இல்லை.

பல்லின் மேலே இருக்கும் எனாமல் கொஞ்சம் ஒளி ஊடுருவும் தன்மை உள்ளது. அதற்குக் கீழே இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலிகிறது, உள்ளே இருக்கும் மஞ்சள் கூடுதலாகத் தெரிகிறது. ஐம்பது வயதில் இருபது வயதுப் பல் இல்லாததற்குக் காரணம் இதுதான், நீங்கள் ஒழுங்காகத் தேய்க்கவில்லை என்று அர்த்தமில்லை. கோரைப்பல் மற்ற முன்பற்களைவிட மஞ்சளாக இருப்பதும் எல்லோருக்கும் உள்ளதுதான்.

மேலே படியும் கறை வேறு கதை. டீ, காபி, வெற்றிலை பாக்கு, சிகரெட், புகையிலை எல்லாம் இந்த வகை. பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு: ஈறு வீக்கத்துக்கு டாக்டர் எழுதித்தரும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ். அதைச் சொன்ன நாளோடு நிறுத்தாமல் ‘நல்லாத்தானே இருக்கு’ என்று மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்பாகக் கறை ஏறும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து சிரப்பும் பல்லைக் கருப்பாக்கும். இந்தக் கறைகளுக்கெல்லாம் ப்ளீச்சே வேண்டாம், நல்லபடியாக ஒரு க்ளீனிங் செய்து பாலிஷ் போட்டால் போதும். க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்று வீட்டில் பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். பல்லில் கல்லாக இறுகிய அழுக்கு, அதாவது காரை, கெட்டியாக ஒட்டியிருந்த இடம் திடீரென்று காலியானதும் அப்படித் தோன்றுகிறது. பல்லைச் சுற்றியுள்ள எலும்பை அதற்கு முன்பே அரித்தது அந்தக் காரைதான்.

மூன்றாவது வகை பல்லுக்குள்ளேயே ஏறிய நிறம். சின்ன வயதில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பல் சாம்பலும் பழுப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அங்கே போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் பலருக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புத் திட்டும் இருப்பதைப் பார்க்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தப் பிரச்சனைக்காகத்தான். இப்படிப்பட்ட பல்லில் ப்ளீச் போட்டால் பழுப்பு ஓரளவு மங்கும், வெள்ளைத் திட்டோ முதல் சில நாட்களுக்கு இன்னும் எடுப்பாகத் தெரியும். இதற்கு மேற்பரப்பை மிக மெல்லிசாகத் தேய்த்தெடுப்பது, திட்டுக்குள் ரெசின் என்ற பிசின் மாதிரிப் பொருளை ஊறவைப்பது என்று வேறு முறைகளைச் சேர்த்துச் செய்வார்கள். டெட்ராசைக்ளின் கறை என்றால் வீட்டில் மாதக்கணக்கில் ஜெல் போட வேண்டியிருக்கும். ஒரே சிட்டிங்கில் போய்விடும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எப்போதோ அடிபட்டு ஒரு பல் மட்டும் கருத்துப்போயிருந்தால் அது அநேகமாக உள்ளே நரம்பு செத்த பல். அதற்கு ரூட் கேனால் செய்து உள்பக்கமாக ப்ளீச் வைப்பார்கள், வெளியே எவ்வளவு பூசினாலும் பெரிதாக மாறாது.

வெற்றிலை பாக்கு, பான் மசாலா பழக்கம் உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. பல்லை விடுங்கள், முதலில் கன்னத்தின் உள்பக்கத்தையும் நாக்கின் ஓரத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள். வாய் முன்போல் முழுசாகத் திறக்கவில்லை, காரம் பட்டாலே எரிகிறது, ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருக்கிறது என்றால் ஒயிட்டனிங் பேச்சையே தள்ளிவைக்க வேண்டும். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான்.

யார் செய்துகொள்ளக் கூடாது

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தள்ளிப்போடுங்கள், அவசரம் ஒன்றுமில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே வேண்டாம். சொத்தை, விரிசல், ஈறில் ரத்தம், ஈறு இறங்கி வேர் தெரிவது இவையெல்லாம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். சொத்தை ஓட்டை வழியாக ஜெல் உள்ளே இறங்கினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும்.

அப்புறம் முக்கியமான விஷயம், கேப் போட்ட பல்லும், பல் நிறத்திலேயே அடைக்கும் கலர் ஃபில்லிங்கும், பல்லின் முன்பக்கம் மெல்லிசாக ஒட்டும் வெனீரும் ப்ளீச்சில் வெளுக்காது. முன்பல்லில் பத்து வருஷத்துக்கு முன்னால் அடைத்த ஃபில்லிங் இருந்தால், சுற்றியுள்ள பல் வெளுத்ததும் அது மட்டும் மஞ்சளாக உட்கார்ந்திருக்கும். ஆகவே முன்பல்லில் கேப் போடும் திட்டம் இருந்தால் முதலில் ஒயிட்டனிங், ஒன்றிரண்டு வாரம் கழித்து நிறம் நிலைத்த பிறகு அதற்குப் பொருத்தமாகக் கேப் அல்லது புது ஃபில்லிங் என்ற வரிசையில் போங்கள். உடனே ஃபில்லிங் வைத்தால் சரியாக ஒட்டவும் ஒட்டாது, ப்ளீச் செய்த பல்லில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் அதைக் கெடுத்துவிடும். முதலில் சொன்ன ஒரு மாதக் கணக்கில் இரண்டு வாரம் இதற்கே போய்விடுகிறது.

கிளினிக்கில் என்ன நடக்கும்

எந்த கிளினிக்காக இருந்தாலும் அடிப்படை மருந்து ஒன்றுதான், பெராக்சைடு. ஒன்று ஹைட்ரஜன் பெராக்சைடாகவே இருக்கும், இல்லாவிட்டால் கார்பமைடு பெராக்சைடாக இருக்கும். பின்னது வாயில் உடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடையும் யூரியாவையும் தரும், அதன் வீரியம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 10 சதவீத கார்பமைடு என்றால் சுமார் 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. டப்பாவில் 16, 22 என்று பெரிய எண்ணைப் பார்த்து மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். பெராக்சைடு எனாமலைச் சுரண்டுவதில்லை, அதற்குள் ஊடுருவி நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கிறது.

கிளினிக்கிலேயே உட்கார வைத்துச் செய்வதில் 35 சதவீதம் அளவுக்குச் செறிவான ஜெல் பயன்படுத்துவார்கள். முதலில் ஷேட் கார்டு எடுப்பார்கள், பீங்கான் பல் துண்டுகள் வரிசையாகச் செருகிய ஒரு பட்டை, அதில் ஏ1, ஏ2, பி1, சி3 என்று பதினாறு நிறங்கள் இருக்கும். ஒவ்வொரு துண்டாக உங்கள் பல்லுக்கு அருகில் பிடித்துப் பார்த்து எது ஒத்துப்போகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பி1 தான் அதில் வெளுப்பின் உச்சம். இந்த இடத்தில் கைக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி நீங்களும் பாருங்கள், ஆரம்ப நிறத்தோடு ஒரு போட்டோ எடுத்துவைக்கச் சொல்லுங்கள். இது இல்லாமல் ஆரம்பித்தால் கடைசியில் எவ்வளவு மாறியது என்பதற்கு டாக்டரின் வாய்வார்த்தை மட்டும்தான் மிஞ்சும்.

பிறகு உதட்டில் வாசலின் தடவி, கன்னத்தை விலக்கிப் பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுவிடுவார்கள். ஈறை நன்றாக உலர்த்தி, பல்லும் ஈறும் சேரும் கோட்டின் மேல் நீலமாகவோ பச்சையாகவோ ஒரு பசையைச் சிறு சிரிஞ்சால் ஓரம் கட்டி, லைட் அடித்து இறுக வைப்பார்கள். மொத்த வேலையிலும் கைத்திறன் தெரிவது இங்கேதான். அந்த ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி இருந்தாலும் ஜெல் கசிந்து ஈறைச் சுடும். ஆகவே ஜெல் பூசியபின் ஈறில் சுரீர் என்று எரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள், உடனே கையைத் தூக்குங்கள், துடைத்துவிட்டு மறுபடி ஓரம் கட்டுவார்கள். சுட்ட இடம் வெள்ளையாகத் தெரியும், லேசானது என்றால் சீக்கிரமே பழையபடி ஆகிவிடும்.

ஜெல்லைப் பூசிப் பதினைந்து, இருபது நிமிஷம் விடுவார்கள், உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி பூசுவார்கள், இப்படி இரண்டு மூன்று சுற்று. மேலே நீல லைட்டோ லேசரோ காட்டுவதற்குச் சில இடங்களில் தனிக் கட்டணம் உண்டு. என் கணக்கில் அது வீண் செலவு. லைட்டின் சூட்டில் பல் உலர்ந்து அன்றைக்கு இன்னும் வெள்ளையாகத் தெரியும், சில வாரம் கழித்துப் பார்த்தால் லைட் இல்லாமல் செய்த பல்லுக்கும் இதற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இருக்காது.

அந்த ‘அன்றைக்கு’ என்பதைக் கவனியுங்கள். ஒரு மணி நேரம் வாயைத் திறந்தே வைத்திருந்ததால் பல் ஈரம் வற்றியிருக்கும், வற்றிய பல் உள்ளதைவிட வெள்ளையாகக் காட்டும். நாற்காலியிலிருந்து எழுந்து கண்ணாடியில் பார்க்கிற நிறம் சில நாளில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம், இரண்டு வாரம் கழித்து அதே ஷேட் கார்டை வைத்துப் பாருங்கள், அதுதான் உங்களுக்குக் கிடைத்த உண்மையான நிறம். எவ்வளவு வெள்ளை வேண்டும் என்பதற்கு டாக்டர்கள் சொல்லும் ஒரு அளவுகோல் உண்டு: உங்கள் கண்ணின் வெண்மையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் பல்லைத்தான் பார்ப்பார்.

வீட்டு ட்ரே முறை

என்னைக் கேட்டால் அவசரம் இல்லாதவர்களுக்கு இதுதான் சிறந்தது. அமெரிக்காவில் ஹேவுட், ஹேமன் என்ற இரண்டு பல் மருத்துவர்கள் 1989ல் எழுதி வெளியிட்ட முறை இது. டாக்டர் உங்கள் பல்லுக்கு அளவெடுத்து மெல்லிய பிளாஸ்டிக் ட்ரே செய்து, 10 முதல் 16 சதவீத கார்பமைடு ஜெல் சிரிஞ்சுகளைக் கொடுப்பார். இரவில் பல் தேய்த்து ஃப்ளாஸ் செய்துவிட்டு, ட்ரேயில் ஒவ்வொரு பல்லுக்கும் முன்பக்கச் சுவரில் ஒரு சின்னப் பொட்டு ஜெல் வையுங்கள், அரிசி மணி அளவு போதும். ட்ரேயை மாட்டியதும் ஓரத்தில் பிதுங்கி வருவதை விரலாலோ மெல்லிய பிரஷ்ஷாலோ துடைத்துவிடுங்கள். நிறையப் பிதுங்கினால் நிறைய வைக்கிறீர்கள் என்று அர்த்தம். சொன்ன நேரம் வரை, சில ஜெல்லுக்கு இரண்டு மணி நேரம், சிலதற்கு இரவு முழுக்க, வைத்திருந்துவிட்டுக் கழற்றி, வாயைக் கொப்பளித்து, ட்ரேயைப் பச்சைத் தண்ணீரில் கழுவி டப்பாவில் போடுங்கள். வெந்நீர் பட்டால் ட்ரே வளைந்து உங்கள் பல்லுக்கே பொருந்தாமல் போய்விடும்.

பொதுவாக இரண்டு வாரத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மெதுவாகத்தான் மாறும், ஆனால் கூச்சம் குறைவு, வேண்டிய நிறம் வந்ததும் நீங்களே நிறுத்திக்கொள்ளலாம், எல்லாவற்றுக்கும் மேல் அந்த ட்ரே கையில் இருக்கும். கடையில் அளவெடுக்காமல் விற்கும் பொது ட்ரே பல்லோடு ஒட்டி உட்காராது, ஜெல் முழுக்க ஈறுக்கும் வயிற்றுக்கும்தான் போகும். அழகு நிலையங்களில் ஃபேஷியலோடு சேர்த்துச் செய்யும் ஒயிட்டனிங் பக்கம் போகவே போகாதீர்கள். அங்கே சொத்தையைக் கண்டுபிடிக்க ஆளில்லை, ஈறு சுட்டால் என்ன செய்வதென்றும் தெரியாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 0.1 சதவீதத்தைத் தாண்டி 6 சதவீதம் வரை பெராக்சைடு உள்ள ஒயிட்டனிங் பொருட்களைப் பல் மருத்துவர்களுக்கு மட்டுமே விற்க வேண்டும், அதற்கு மேல் செறிவு உள்ளதைப் பயன்படுத்தவே தடை. அங்கேயே அவ்வளவு கெடுபிடி என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

கூச்சம்

பலருக்கும் கொஞ்சமாவது வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒரு பல்லில் சுளீர் என்று மின்னல் மாதிரி அடித்துவிட்டுப் போகும், பயந்துவிடாதீர்கள், ஓரிரு நாளில் அடங்கும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சத்துக்கான பேஸ்ட்டை இரண்டு வாரம் முன்னாலிருந்தே தேய்க்க ஆரம்பியுங்கள். ஆரம்பித்த அன்றே பலன் தரும் பேஸ்ட் இல்லை அது. தேய்த்தபின் நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளிக்காமல் அப்படியே விடுங்கள். ட்ரே போடுகிறவர்கள் கூச்சம் அதிகமான நாளில் ஜெல்லுக்குப் பதில் இந்தப் பேஸ்ட்டையே ட்ரேயில் வைத்துக் கொஞ்ச நேரம் மாட்டிக்கொள்ளலாம், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் ஜெல் போடலாம். சில நாட்களுக்கு ஐஸ்கிரீம், கொதிக்கக் கொதிக்கக் காபி இரண்டும் வேண்டாம். ஒரே பல்லில் வலி நாள்கணக்கில் நின்றால் அது ஒயிட்டனிங் கூச்சம் இல்லை, டாக்டரைப் பாருங்கள்.

முதல் இரண்டு நாள் என்ன சாப்பிடுவது

வெள்ளைச் சாப்பாடு என்பார்கள். நம் சமையலில் மஞ்சளும் மிளகாய்த்தூளும் இல்லாத குழம்பைத் தேடுவதுதான் சிரமம், மற்றபடி இட்லி, தேங்காய்ச் சட்னி, இடியாப்பம் தேங்காய்ப்பால், தயிர்சாதம், பால்கோவா, வாழைப்பழம் என்று தாராளமாக ஓட்டிவிடலாம். சாம்பார், ரசம், மீன்குழம்பு, பீட்ரூட், மாதுளை, நாவல்பழம், கோலா, சோயா சாஸ் இவற்றைத் தள்ளிவையுங்கள். காபி இல்லாமல் முடியாது என்பவர்கள் கொஞ்சம் டிகாஷன், நிறையப் பால் என்று ஒரு டம்ளர் குடித்துவிட்டு உடனே வாயைக் கொப்பளித்துக்கொள்ளுங்கள். தெரியாமல் ஒரு கரண்டி சாம்பார் போய்விட்டால் செய்ததெல்லாம் பாழாகிவிடாது, இந்த விதியில் கொஞ்சம் மிகைப்படுத்தலும் இருக்கிறது. ஆனால் சிகரெட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

வெள்ளை நிற்க வேண்டுமானால்

நம் ஊரில் காலையில் பல் தேய்க்காமல் ஒரு வாய் காபி உள்ளே போகாது, இரவில் மட்டும் சாப்பிட்ட வாயோடு படுத்துவிடுவோம். கறை படிவதற்கும் சொத்தைக்கும் இதைவிட வசதி வேறு வேண்டாம். இரவில் தேய்ப்பதை வழக்கமாக்கினாலே பாதி வேலை முடிந்தது. மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட், இரண்டு நிமிஷம், கை அழுத்தம் இல்லாமல்.

எத்தனை டம்ளர் குடிக்கிறீர்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் வாயில் வைத்திருக்கிறீர்கள் என்பது பெரிய விஷயம். ஆபீசில் ஒரு கப்பை மேஜையில் வைத்து ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டே இருப்பவருக்குக் கறை சீக்கிரம் ஏறும், நின்றபடி ஐந்து நிமிஷத்தில் டீக்கடையில் முடிப்பவருக்கு அவ்வளவு ஏறாது. பால் சேர்த்த டீ, பால் சேர்க்காத டீயைவிடக் குறைவாகவே கறைபடுத்தும், பாலில் உள்ள கேசீன் டீயின் டானினைப் பிடித்துக்கொள்கிறது. உடம்புக்கு நல்லதென்று நாள் முழுக்கக் கிரீன் டீ குடிப்பவர்கள் இதைக் கேட்டு வருத்தப்படுவார்கள். எது குடித்தாலும் பின்னால் ஒரு வாய் தண்ணீர் கொப்பளித்துவிடுங்கள். எலுமிச்சை ஜூஸ், கோலா மாதிரி புளிப்பானது என்றால் உடனே பிரஷ்ஷை எடுக்காதீர்கள், அரைமணி நேரமாவது போகட்டும், அமிலத்தில் இளகிய எனாமலைத் தேய்த்தால் அதுவும் சேர்ந்து தேயும்.

உமிக்கரி, செங்கல்பொடி, சாம்பல், உப்பு என்று அந்தக் காலத்தில் தேய்த்தவர்களின் பல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், ஈறோரத்தில் பள்ளம் பள்ளமாக அரித்திருக்கும். இப்போது அதே கரி சார்க்கோல் பேஸ்ட் என்று கருப்பு ட்யூபில் திரும்பி வந்திருக்கிறது. சொரசொரப்பு மேல்கறையை எடுக்கும், கூடவே எனாமலையும் எடுக்கும், எனாமல் போனால் உள்ளே இருக்கும் மஞ்சள் வெளியே வரும், வெள்ளையாக்கப் போய் மஞ்சளாக்கிக்கொள்வது இப்படித்தான். எலுமிச்சையும் ஆப்பச் சோடாவும் கலந்து தேய்க்கச் சொல்லும் வீடியோக்களையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் கொப்பளிப்பதால் பல் ப்ளீச் ஆகாது, பிடித்தால் செய்யுங்கள், பல் தேய்ப்பதற்குப் பதிலாக மட்டும் வேண்டாம். ஒயிட்டனிங் பேஸ்ட் என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் மேல்கறையைத் தேய்த்தெடுப்பது அல்லது நீலச் சாயம் பூசி மஞ்சளை மறைப்பது, வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும். ஈறு இறங்கியவர்கள் அதையும் தொடாதீர்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அல்லது டாக்டர் சொல்கிற இடைவெளியில், க்ளீனிங் செய்துகொண்டால் மேல்கறை அப்போதே போய்விடும், ப்ளீச் திரும்பப் போடும் தேவையும் தள்ளிப்போகும். எப்படியும் நிறம் மெல்ல இறங்கத்தான் செய்யும், ஒருவருக்கு ஒரு வருடம், இன்னொருவருக்கு மூன்று வருடம், பழக்கத்தைப் பொறுத்தது. இறங்கிவிட்டது என்று தோன்றினால் பத்திரமாக வைத்த ட்ரேயை எடுத்து ஒன்றிரண்டு இரவு ஜெல் போட்டால் போதும், முழுக்க முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. மாதாமாதம் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள், கூச்சம் நிரந்தரமாகக் குடியேறிவிடும். மிச்ச ஜெல்லை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம், காலாவதி தேதி தாண்டியிருந்தால் வீரியம் போயிருக்கும். ஜெல் தீர்ந்துபோனால் அதே சதவீதத்தைச் சொல்லி டாக்டரிடமே வாங்குங்கள், இடையில் புதிதாக ஃபில்லிங்கோ கேப்போ வைத்திருந்தால் பழைய ட்ரே பொருந்தாமல் போகலாம், திரும்ப அளவெடுக்க வேண்டியிருக்கும்.